கார் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் ஒரு சின்னத் தொட்டியின் வரலாறு



ஒரு மாதமாகப் பதிவு எதுவும் போடவில்லை. "சார், உடம்புக்கு என்ன?" என்று நாலைந்து பேர் போன் செய்தே கேட்டுவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுதான் கொஞ்சம் சரியில்லாமல் இருந்தது. காரணத்தை இன்று சொல்கிறேன். பதிவு நீளமானது. ஒரு பீரியடு ஒதுக்கிப் பொறுமையாகப் படியுங்கள். யாருக்கும் எந்த ஆபத்தும் நேரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி படித்ததும் என் தங்கை போனை எடுத்துவிடுவாள்.

தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்பு பழனியில் ஒரு முகூர்த்தம். விடியற்காலை நாலரை மணிக்கு உடுமலையிலிருந்து நானும் வீட்டம்மாவும் காரில் கிளம்பினோம். தை மாதத்துப் பனியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மடத்துக்குளம் தாண்டும்போது முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. வயல் மண் அதன் சக்கரத்திலிருந்து தெறித்து என் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. வைப்பரைப் போட்டேன். பனியும் மண்ணும் சேர்ந்து கண்ணாடி முழுக்கச் சேறு பூசியதுபோல் ஆகிவிட்டது. அதே நேரம் எதிரே ஒரு லாரி. அதன் வெளிச்சம் அந்தச் சேற்றில் பட்டதும் எனக்கு முன்னால் வெள்ளையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

தண்ணீர் பீய்ச்சும் கம்பியை இழுத்தேன். மோட்டார் மட்டும் கிர்ரென்று சத்தம் போட்டது. தண்ணீர் வரவில்லை. வராது என்பது எனக்குத் தெரியும். தீபாவளிக்கு முன்பே அந்த டேங்க் விரிசல் விட்டு ஒழுகிக்கொண்டிருந்தது.

பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. லாரி கடந்துபோன பிறகு சன்னலை இறக்கி எட்டிப் பார்த்தேன். பம்பருக்கும் பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மாவுக்கும் நடுவில் மூன்று அடி இருக்கும். தலையில் சின்ன மூட்டை, காலில் செருப்பில்லை. பாதயாத்திரை போகிறவர். அவர் திரும்பிப் பார்த்து, "ஏனுங், பாத்து வரக்கூடாதுங்களா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "முருகா" என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார்.

பாட்டில் தண்ணீரை எடுத்துக் கண்ணாடியில் ஊற்றும்போது என் கை நடுங்கியது. கல்யாணத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

தீபாவளிச் சமயத்தில் வண்டியைப் பார்த்த ஒருவர், "இது ஒண்ணும் முக்கியமில்லைங்க சார். மாத்தணும்னா சக்கரத்தக் கழட்டி உள்ள போகணும். ஒரு பாட்டில் தண்ணி வச்சுக்குங்க, போதும்" என்று சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முக்கியமில்லை என்று கேட்டதும் நிம்மதியாகத் தலையாட்டியவன் நான்தான்.

இந்தப் பதிவு அந்த 'முக்கியமில்லை' என்ற சொல்லைப் பற்றியதுதான். 34 ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் இல்லையா? வீட்டுக்கு வந்ததும் இந்தத் தொட்டிக்கும் ஒரு வரலாறு இருக்குமே என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நூறு வருடத்துக்கும் மேலாக இதே சொல்லை ஒவ்வொருவராகச் சொல்லிவந்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

கண்ணாடியே இல்லாத காலம்

முதல் கார்களுக்கு முன்கண்ணாடி கிடையாது. 1886-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியின் படத்தைப் பாருங்கள். ஓட்டுபவர் திறந்தவெளியில் உட்கார்ந்திருப்பார். குதிரை வண்டியின் வேகத்துக்கு அது போதும். வேகம் கூடக் கூடக் காற்றும் தூசியும் பூச்சியும் முகத்தில் அடித்தன. ஓட்டுபவர்கள் பெரிய மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். அந்தக் காலப் புகைப்படங்களில் கார் ஓட்டிகள் விமானிகளைப்போல் தெரிவது அதனால்தான்.

பிறகு வண்டிக்கே கண்ணாடி வைத்தார்கள். உள்ளே இருப்பவருக்குக் காற்றுத் தொல்லை தீர்ந்தது. புதிய தொல்லை ஒன்று பிறந்தது. முகத்தில் விழுந்துகொண்டிருந்த மழையும் மண்ணும் இப்போது கண்ணாடியில் விழுந்தன. முகத்தைக் கையால் துடைத்துக்கொள்ளலாம், ஓடுகிற வண்டியின் கண்ணாடியை எப்படித் துடைப்பது? அதனால் கண்ணாடியை இரண்டு பாதியாகச் செய்து, மழை வந்தால் மேல் பாதியைத் திறந்துவிட்டு நனைந்துகொண்டே ஓட்டினார்கள். கண்ணாடி உள்ளே இருப்பவருக்குச் சுகம் கொடுத்தது. அதே கண்ணாடி அழுக்கானபோது ஆபத்து வெளியே நடந்துபோகிறவருக்கு. இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவேன்.

மேரி ஆண்டர்சன் என்ற அம்மையார்

1902-03 குளிர்காலத்தில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் நியூயார்க்குக்குப் போயிருந்தார். அங்கே டிராம் வண்டியில் ஏறினார். பனிமழை பெய்துகொண்டிருந்தது. ஓட்டுநர் முன்கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிரில் விறைத்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்களும் இதைத் தினமும் பார்த்தவர்கள்தான். இந்த அம்மாள் மட்டும், உள்ளிருந்தே கண்ணாடியைத் துடைக்க வழியில்லையா என்று யோசித்தார்.

ஊர் திரும்பியதும் ஒரு கருவியை வடிவமைத்தார். வெளியே ரப்பர் பட்டை வைத்த ஒரு கை, உள்ளே அதை அசைக்க ஒரு பிடி. 1903 நவம்பர் 10 அன்று அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1905-ல் கனடாவில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு அதை விற்கக் கேட்டார். வணிக மதிப்பு போதாது என்று பதில் வந்தது. 'முக்கியமில்லை' என்பதைத்தான் அவர்கள் நாகரிகமாக எழுதியிருந்தார்கள்.

அப்போது காப்புரிமைக் காலம் 17 ஆண்டுகள். 1920-ல் அது முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் கார்களின் எண்ணிக்கை பெருகி, வைப்பர் எல்லா வண்டிக்கும் வேண்டியதாயிற்று. அந்த அம்மாளுக்கு இதனால் ஒரு காசும் வரவில்லை. 1953-ல் காலமானார். 2011-ல்தான் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

இங்கிலாந்திலும் இதேபோல் ஒரு கதை உண்டு. கிளாட்ஸ்டன் ஆடம்ஸ் என்ற புகைப்படக்காரர் 1908 ஏப்ரலில், நியூகாசில் அணி ஆடிய கால்பந்து இறுதிப் போட்டியைப் பார்க்க லண்டனுக்குக் காரில் போனார். அணி தோற்றுவிட்டது. திரும்பும் வழியில் பனி கொட்டியது. அடிக்கடி வண்டியை நிறுத்தி, இறங்கி, கையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஊர் வந்து சேர்ந்தார். அந்த எரிச்சலில் அவரும் ஒரு வைப்பரை வடிவமைத்து 1911-ல் பதிவு செய்தார்.

பஃபலோ நகரத்து மழை இரவு

படித்தவற்றில் என்னை உட்கார வைத்துவிட்டது ஜான் ஓய்ஷீ என்பவரின் கதை. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஒரு நாடக அரங்கின் மேலாளராக இருந்தவர். 1910-களின் நடுவில் ஒரு மழை இரவில் அவர் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியே எதுவும் தெரியாமல் ஒரு சைக்கிள்காரர் மீது மோதிவிட்டார். நல்லவேளையாக அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார்.

ஓய்ஷீ அதை அப்படியே விட்டுவிடவில்லை. தன் ஊரிலேயே ஜான் ஜெப்சன் என்பவர் கையால் நகர்த்தும் ரப்பர் துடைப்பான் ஒன்றைச் செய்திருப்பது அவருக்குத் தெரியவந்தது. 1917-ல் அதைத் தயாரித்து விற்க ஒரு நிறுவனம் தொடங்கினார். பிற்காலத்தில் ட்ரிக்கோ என்ற பெயரில் உலகின் பெரிய வைப்பர் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது அதுதான்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருக்குச் சைக்கிள்காரர், எனக்குப் பச்சைப் புடவை அம்மா. அவர் காலத்தில் கண்ணாடியைத் துடைக்கச் சரியான வழி இல்லை. எனக்கு நூறு வருடத்து வழி முழுவதும் வண்டியிலேயே இருந்தது. டேங்கில் தண்ணீர் மட்டும்தான் இல்லை.

துடைத்தால் மட்டும் போதாது

1920-களில் வைப்பரை இயந்திரமே அசைக்கத் தொடங்கியது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையைக் கொண்டு ஓடும் வைப்பர்கள் அவை. அதில் ஒரு சங்கடம் இருந்தது. மேடு ஏறும்போதோ முந்திச் செல்லும்போதோ ஆக்சிலேட்டரை அழுத்தினால் அந்த உறிஞ்சும் விசை குறையும். வைப்பர் சோர்ந்து நின்றுவிடும். எப்போது கண் நன்றாகத் தெரிய வேண்டுமோ அப்போதுதான் அது நிற்கும். பிறகு மின்மோட்டார் வைப்பர் பரவலானதும் இந்தக் குறை தீர்ந்தது.

ஆனால் வைப்பர் மழை நீரைத் தள்ளுவதற்குப் பிறந்த கருவி. காய்ந்த மண்ணிலும் பூச்சிக் கறையிலும் அதை ஓட்டினால் துடைக்காது, பூசும். நான் மடத்துக்குளத்தில் பட்டது அதைத்தான். கரும்பலகையைக் காய்ந்த டஸ்டரால் துடைத்தால் சுண்ணாம்பு மாவு பரவுமே, அதே கதைதான். ஈரத் துணி வேண்டும்.

அந்த ஈரத்தை வண்டியிலேயே வைக்கும் யோசனை 1930-களில் விற்பனைக்கு வந்தது. ட்ரிக்கோ நிறுவனமும் தண்ணீர் பீய்ச்சும் கருவியை விற்றது. அது வண்டியோடு வராது. விருப்பப்பட்டவர் தனியாகக் காசு கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் வைக்கக் கண்ணாடி ஜாடி. பீய்ச்சுவதற்குச் சிலவற்றில் எஞ்சினின் உறிஞ்சும் விசை, சிலவற்றில் காலால் மிதிக்கும் ரப்பர் பம்பு, சிலவற்றில் கையால் அழுத்தும் பொத்தான். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார்க்காரர்கள் 1960-களில் வேடிக்கையான ஒரு வழி செய்தார்கள். ஸ்டெப்னி டயரில் உள்ள காற்றின் அழுத்தத்தால் தண்ணீரைப் பீய்ச்ச வைத்தார்கள்! ஸ்டெப்னியில் காற்று ஓரளவுக்குக் கீழே இறங்கினால் வால்வு தானே மூடிக்கொள்ளும். பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அவ்வப்போது ஸ்டெப்னிக்குக் காற்று பிடிக்க மட்டும் மறக்கக் கூடாது.

நம் ஊரில் இந்த வேலையைச் செய்தவர் ஒரு மனிதர். லாரியில் ஓட்டுநருக்குத் துணையாகப் போகிறவரை நாம் என்னவென்று கூப்பிடுகிறோம்? கிளீனர். என் சிறுவயதில் பொள்ளாச்சி ரோட்டு டீக்கடைகளில் லாரி நின்றால், கிளீனர் பையன் முதலில் பம்பரில் ஏறி, ஈரத் துணியாலோ நனைத்த செய்தித்தாளாலோ கண்ணாடியைத் துடைப்பான். டீ அதற்குப் பிறகுதான். மழைக்காலத்தில் கண்ணாடியில் புகையிலையைத் தேய்ப்பதையும் பார்த்திருக்கிறேன். தேய்த்த இடத்தில் மழைத்துளி முத்து முத்தாக நிற்காமல் வழிந்து ஓடும் என்பார்கள். வாஷர் டேங்க் அந்தப் பையனின் வேலையைத்தான் ஓடும்போதே செய்கிறது.

கண்ணாடி ஜாடியிலிருந்து பிளாஸ்டிக் தொட்டிக்கு

இன்றைய டேங்க் பிளாஸ்டிக். இதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1933 மார்ச்சில் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்டு கிப்சன் என்ற இரு வேதியியலாளர்கள் வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தார்கள். அது தோல்வி. பாத்திரத்தின் அடியில் வெள்ளை மெழுகு போல ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் பாலித்தீன். 1953-ல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர், அதைக் குறைந்த அழுத்தத்திலேயே, இன்னும் உறுதியாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். அதற்காக 1963-ல் இத்தாலியின் ஜூலியோ நாட்டாவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதனால் உடையாத, துருப்பிடிக்காத, எந்தக் கோணல் வடிவத்திலும் ஊதிச் செய்யக்கூடிய தொட்டி மலிவாகக் கிடைத்தது. எஞ்சின் அறையில் இடம் இல்லாவிட்டாலும் சக்கரத்துக்கும் பம்பருக்கும் நடுவில் உள்ள சந்தில் செருகிவிடலாம்.

ஆனால் பொருள் மலிவானதால் மட்டும் அது எல்லா வண்டிக்கும் வந்துவிடவில்லை. 1965-ல் ரால்ஃப் நாடர் என்ற இளம் வழக்கறிஞர், கார் நிறுவனங்கள் பாதுகாப்பைப் புறக்கணிப்பதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்காவே பேசியது. அடுத்த ஆண்டே, 1966 செப்டம்பரில், வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் 104-ஆம் எண் விதி, கார்களில் வைப்பர் மட்டும் போதாது, கண்ணாடியைக் கழுவும் வசதியும் இருக்க வேண்டும் என்றது. அதுவரை காசு உள்ளவர் மாட்டிக்கொள்ளும் சௌகரியமாக இருந்தது, அன்று முதல் கட்டாயம் ஆனது. மேரி ஆண்டர்சனின் காப்புரிமைக்குப் பிறகு 64 ஆண்டுகள்.

ஒரு வாத்தியாரின் கண்

நானும் வாத்தியார் என்பதால் இன்னொரு வாத்தியாரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டெட்ராய்ட் நகரின் வெயின் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் நடத்திய ராபர்ட் கெர்ன்ஸ். 1953-ல் அவருடைய திருமண இரவில் ஷாம்பெய்ன் பாட்டிலின் தக்கை தெறித்து இடது கண்ணில் பட்டது. அந்தக் கண்ணில் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. பல வருடம் கழித்துத் தூறலில் கார் ஓட்டும்போது அவர் யோசித்தார். நம் கண்ணிமை ஓயாமல் அடித்துக்கொண்டே இருப்பதில்லை, விட்டு விட்டுத்தான் இமைக்கிறது. வைப்பரும் ஏன் அப்படி இருக்கக் கூடாது?

1964-ல் விட்டு விட்டு ஓடும் வைப்பருக்கு விண்ணப்பித்துக் காப்புரிமையும் பெற்றார். பெரிய கார் நிறுவனங்கள் அவருக்குப் பணம் தராமலேயே அந்த வகை வைப்பரை வண்டிகளில் வைத்தன. 1978-ல் ஃபோர்டு மீதும், 1982-ல் கிரைஸ்லர் மீதும் வழக்குப் போட்டார். கிரைஸ்லர் வழக்கில் தானே வாதாடினார். 1990-களில் இரண்டு வழக்கிலும் சேர்த்து சுமார் 3 கோடி டாலர் கிடைத்தது. அதற்குள் குடும்பம் பிரிந்துவிட்டது, உடல்நலமும் கெட்டது. 2005-ல் காலமானார்.

அவர் இமையை வைப்பரில் கண்டார். அப்படியானால் வாஷர் டேங்க் என்பது கண்ணீர்ச் சுரப்பி. நம் இமை காய்ந்த கண்ணைத் துடைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீரை எடுத்துக்கொண்டுதான் துடைக்கிறது. கண்ணில் நீர் வற்றினால் என்ன ஆகும் என்று கண் மருத்துவரிடம் போய்வந்த என் வயதுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இனி நம் கதைக்கு வருகிறேன். உடுமலையில் மெக்கானிக்காக இருக்கும் ஒரு பழைய மாணவருக்குப் போன் செய்தேன். (பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வரலாற்றில் 36 மார்க் வாங்கியவர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.) "ஒர்க்ஷாப்புக்கு எதுக்குங்க சார், ஞாயித்துக்கெழமை நானே வர்றனுங்க. ஆனா நீங்கதான் கழட்டணும், நான் சொல்லித் தர்றேன்" என்றார். எனக்குப் பாடம் எடுக்க அவருக்கு ஒரு வாய்ப்பு.

வேலை கஷ்டமில்லை, வரிசைதான் முக்கியம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு இருபுறமும் கல் வைத்தோம். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றினோம். சக்கரத்தின் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி. அவர் கொண்டுவந்த இரும்பு ஸ்டாண்டை வண்டிக்கு அடியில் கொடுத்தார். கழற்றிய சக்கரத்தையும் அடியில் தள்ளி வைத்தார். "ஜாக்கிய மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில கை வைக்கக் கூடாதுங்க சார்" என்றார். இதை எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் பிளாஸ்டிக் தட்டியின் கிளிப்புகளைப் பிடுங்கியதும் டேங்க் தெரிந்தது. பதினோரு வருட வெயில் தின்று மஞ்சளாகியிருந்தது. போல்ட் மாட்டும் காதின் அடியில் தலைமுடி அளவு விரிசல். அவ்வளவுதான். அந்த முடி அளவு விரிசலால்தான் அந்த மூன்றடி.

மோட்டாரின் ஒயர் சாக்கெட்டைக் கழற்றி, டியூபை உருவி, பத்து நம்பர் ஸ்பேனரால் மூன்று போல்ட்டுகளை எடுத்ததும் டேங்க் கையோடு வந்துவிட்டது. மோட்டார் நன்றாக இருந்ததால் அதையே புது டேங்குக்கு மாற்றினோம். மோட்டார் உட்காரும் ரப்பர் வளையத்தை மட்டும் புதிதாகப் போட்டோம். அது பழையதாக இருந்தால் புது டேங்கும் ஒழுகும். சோப்புத் தண்ணீர் தொட்டு அழுத்தினால் வளையம் மடங்காமல் உட்காரும். டியூபில் எங்காவது எலி கடித்திருக்கிறதா என்று முழுவதும் தடவிப் பார்க்கச் சொன்னார். எங்கள் வீட்டு எலி இந்தத் தடவை கருணை காட்டியிருந்தது.

எல்லாவற்றையும் மாட்டி, தட்டியை மூடுவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றிச் சோதித்தோம். மூடிய பிறகு ஒழுகினால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். பானெட் மேல் உள்ள இரண்டு நாசிலில் ஒன்று உப்பு அடைத்திருந்தது. மெல்லிய ஊசியால் குத்திச் சரிசெய்தோம். பேரன் உள்ளே உட்கார்ந்து கம்பியை இழுத்தான். இரண்டு பக்கமும் தண்ணீர் வளைந்து வந்து கண்ணாடியின் நடுவில் விழுந்தது. என் மாணவர் கைதட்டினார். ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. இந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் நான் தீபாவளியிலிருந்து தைப்பூசம் வரை ஒத்திப்போட்டிருந்தேன்.

என்ன தண்ணீர் ஊற்றுவது?

இதிலும் வரலாறு உண்டு. 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் முன்னாள் படைவீரர்களின் மாநாட்டுக்கு வந்த பலர் கடும் நிமோனியாவில் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அதன் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். பின்னர் அதற்கு லெஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீரில் வளர்வது. தண்ணீர் பொடித்துளியாகப் பறக்கும்போது மூச்சில் நுழைகிறது. இங்கிலாந்தில் வேலைக்காக அதிகம் வண்டி ஓட்டுபவர்களுக்கு இந்த நோய் அதிகமாக வருவதைக் கவனித்த சுகாதார ஆய்வாளர்கள், 2010-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வாஷர் டேங்கில் அதற்குரிய திரவம் கலக்காமல் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுபவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று அதில் தெரியவந்தது.

ஆகவே ஆட்டோமொபைல் கடையில் விற்கும் வாஷர் திரவத்தை, அதில் சொல்லியுள்ள அளவில் கலந்து ஊற்றுங்கள். துணி சோப்புத்தூள் வேண்டாம், நுரைத்து நாசிலை அடைக்கும். போர்வெல் உப்புத் தண்ணீரும் வேண்டாம். குளிர் நாடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே தண்ணீர் உறையாமலிருக்கச் சாராய வகைத் திரவம் சேர்ப்பார்கள். சிலவற்றில் மெத்தனால் இருக்கும். குடித்தால் கண் போகும், உயிரும் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் பொதுமக்களுக்கு விற்கும் வாஷர் திரவத்தில் மெத்தனாலைக் கடுமையாகக் கட்டுப்படுத்திவிட்டது. எந்த நாடாக இருந்தாலும் அந்தத் திரவத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் குழந்தை இருக்கிறது.

இன்னொன்று. பானெட்டைத் திறந்தால் வைப்பர் படம் போட்ட மூடிதான் வாஷர் டேங்க். பக்கத்தில் இருக்கும் கூலன்ட் மூடியை எஞ்சின் சூடாக இருக்கும்போது திறந்துவிடாதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கடைசியாக

நான் வகுப்பில் போர்களையும் அரசர்களையும் நடத்தினேன். எந்த ஆண்டு எந்த உடன்படிக்கை என்று உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். ஒரு ரப்பர் பட்டையும் ஒரு லிட்டர் தண்ணீரும் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று ஒரு நாளும் சொல்லித் தரவில்லை. எனக்கே தெரியாது.

இப்போது தெரிந்துகொண்டது இதுதான். காரில் சீட் எனக்காக, ஏசி எனக்காக, பாட்டுப் பெட்டி எனக்காக. அந்தத் தொட்டியில் உள்ள தண்ணீர், வெளியே நடந்துபோகிறவருக்காக. அதனால்தான் அதை 'முக்கியமில்லை' என்று சொல்வது நமக்கு இவ்வளவு சுலபமாக இருக்கிறது. அது காலியானால் கஷ்டம் நமக்கு இல்லையே! டிராம் ஓட்டுநரின் குளிர் ஒரு பயணிக்கு உறைத்தது. சைக்கிள்காரரின் வலி ஒரு நாடக மேலாளருக்கு உறைத்தது. எனக்கு உறைக்க அந்தப் பச்சைப் புடவை அம்மா தேவைப்பட்டார்.

அவர் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. தைப்பூசத்தன்று நல்லபடியாக மலை ஏறி இறங்கியிருப்பார் என்று நம்புகிறேன். அடுத்த தை மாதம் உடல் ஒத்துழைத்தால் நானும் மடத்துக்குளத்திலிருந்து பழனிக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக்கு வெளியே இருந்தும் ஒருமுறை அந்த ரோட்டைப் பார்க்க வேண்டும்.

நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன் எல்லோரும் ஒருமுறை அந்தக் கம்பியை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் வந்தால் 'வந்தது சார்' என்று கீழே எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், 36 மார்க்காரரின் நம்பரைத் தனியாக அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்